குளியலறையில் டி.வி.: 230 வோல்ட் சுவருக்கு அந்தப் பக்கமே நிற்கட்டும்

கேள்வி: கோவையில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். மாஸ்டர் பெட்ரூமை ஒட்டிய பாத்ரூம் 10 அடிக்கு 6 அடி. கடைசி 3 அடியில் ஷவர், அதற்கு முன்னால் கண்ணாடித் தடுப்பு, மிச்சம் 7 அடியில் வாஷ்பேசினும் கம்மோடும். பூச்சு முடிந்தது, டைல்ஸ் இன்னும் ஒட்டவில்லை. காலையில் செய்தி பார்க்க உள்ளே ஒரு 32 அங்குல டி.வி. மாட்ட ஆசை. “கீசர் பாயின்ட்டிலிருந்தே சப்ளை எடுத்துக்கலாம் சார், டி.வி.யை அக்ரிலிக் பெட்டியில் வைத்து மூடிட்டா தண்ணி படாது” என்கிறார் எலக்ட்ரீஷியன். ஆன்லைனில் ஐபி65 என்று போட்டு சில டி.வி.கள் விற்கிறார்கள். எதை நம்புவது? இன்வெர்ட்டர் லைனில் கொடுக்கலாமா? கேபிள் கனெக்‌ஷனை உள்ளே இழுக்கலாமா?

பதில்: டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் கேட்டீர்கள், நல்லது. இந்த வேலையில் முக்கால்வாசி சுவருக்குள் போகும் பைப்பில்தான் இருக்கிறது. டைல்ஸ் ஒட்டிய பிறகு கேட்டிருந்தால் பாதி யோசனைகளைச் சொல்லவே முடியாது.

முதலில் உங்கள் எலக்ட்ரீஷியன் சொன்ன இரண்டையும் விட்டுவிடுங்கள். கீசர் பாயின்ட்டுக்கு 16 அல்லது 20 ஆம்பியர் எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) போட்டிருப்பார்கள். அது கீசருக்குப் போகும் தடித்த வயரைக் காப்பாற்றுவதற்கான அளவு. அதிலிருந்து மெல்லிய டி.வி. வயரை இழுத்தால், டி.வி. பக்கம் கோளாறாகி 12, 15 ஆம்பியர் ஓடினாலும் எம்.சி.பி. அசையாது. வயர்தான் சூடாகி உருகும். அந்த லைனில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவை உணர்ந்து துண்டிக்கும் கருவி) இருந்தால், கீசர் எலிமென்ட்டில் லேசாக மின்கசிவு வந்தாலும் டி.வி. அணையும், டி.வி.யில் கசிவு வந்தாலும் வெந்நீர் நிற்கும், எது கெட்டது என்று கண்டுபிடிக்க முடியாது. இதைவிடப் பெரிய தப்பு, 230 வோல்ட்டை இன்னொரு இடத்தில் ஈரச் சுவருக்குக் கொண்டுவருவது. கீசருக்கு வேறு வழியில்லை. டி.வி.க்கு வழி இருக்கிறது.

அக்ரிலிக் பெட்டி தண்ணீரைத் தடுக்கும், நீராவியைத் தடுக்காது. டி.வி. ஓடும்போது பெட்டிக்குள் காற்று சூடாகி விரிந்து, இடுக்கு வழியே வெளியேறும். அணைத்ததும் உள்ளே காற்று சுருங்கி, வெந்நீர் குளியல் முடிந்த அறையின் ஈரக் காற்றை அதே இடுக்கு வழியே உள்ளே இழுக்கும். தினமும் இது நடக்கும். உள்ளே போன ஈரம் ராத்திரியில் பேனலின் பின்னாலும் சர்க்யூட் போர்டிலும் துளித்துளியாகப் படியும். சில மாதத்தில் திரையின் கீழ் ஓரத்தில் மேகம் மாதிரி ஒரு கறை தெரிய ஆரம்பிக்கும், பிறகு ஒரு பக்கம் பேக்லைட் போகும். இடுக்கே இல்லாமல் சிலிக்கான் வைத்து அடைத்துவிட்டால் சூடு வெளியேற வழியில்லாமல் பவர் போர்டு போய்விடும். சாதாரண டி.வி.க்குப் பெட்டி கட்டுவது இரண்டு பக்கமும் அடி.

ஐபி65 விஷயம். 6 என்றால் தூசி புகாது. 5 என்றால் தண்ணீர்ப் பாய்ச்சலைத் தாங்கும். 6.3 மி.மீ. வாயுள்ள குழாயால் நிமிடத்துக்குப் பன்னிரண்டரை லிட்டர் வீதம் குறைந்தது மூன்று நிமிடம் அடித்துப் பார்த்துத்தான் அந்த எண்ணைக் கொடுக்கிறார்கள். ஆனால் அது வெந்நீர் ஆவிக்கான சோதனை அல்ல. வாங்குவதற்கு முன் விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். ஐபி எண் டி.வி. முழுவதுக்குமா, முன் கண்ணாடிக்கு மட்டுமா? பல மாடல்களில் முன்பக்கம்தான் ஐபி65, பின்பக்கம் சுவர்ப் பள்ளத்துக்குள் போய்விடும் என்ற கணக்கில் சாதாரணமாக விட்டிருப்பார்கள். வயர் நுழையும் இடத்தில் ரப்பர் சீல் உண்டா? மேனுவலில் எத்தனை சதவீத ஈரப்பதம் வரை ஓட்டலாம் என்று போட்டிருக்கிறதா? மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால் அது குளியலறைக்காகச் செய்த டி.வி. அல்ல, பசை தடவிய சாதாரண டி.வி.

இப்போது எங்கே மாட்டுவது என்று பார்ப்போம். சர்வதேச வயரிங் விதியான ஐ.ஈ.சி. 60364, 701-ஆம் பிரிவில் குளியலறையை மண்டலங்களாகப் பிரிக்கிறது. தொட்டியோ காலடியில் விளிம்புள்ள ஷவர் தட்டோ இல்லாமல் நேரே தரையில் தண்ணீர் விழும் ஷவர் என்றால், தண்ணீர் வெளிவரும் நிலையான வாயின் நடுவிலிருந்து கிடைமட்டமாக 120 செ.மீ. தூரம், தரையிலிருந்து 225 செ.மீ. உயரம் வரை முதல் மண்டலம். ஷவர் அதைவிட உயரத்தில் இருந்தால் அந்த உயரம் வரை. குளியல் தொட்டி வைத்தவர்களுக்குத் தொட்டி விளிம்புக்கு வெளியே இன்னும் 60 செ.மீ. இரண்டாம் மண்டலம் உண்டு. இந்த எல்லைக்குள் வழக்கமான 230 வோல்ட் சாக்கெட் எதுவும் வரக்கூடாது.

உங்கள் ஷவர் பகுதி 3 அடி, அதாவது சுமார் 91 செ.மீ. கண்ணாடித் தடுப்பு அசையாதது, கதவும் உண்டு என்றால் முதல் மண்டலம் அதோடு நிற்கும். கதவில்லாமல் ஒரு பக்கம் திறந்திருந்தால், ஷவர் வாயில் ஒரு நூலைப் பிடித்துத் தடுப்பின் ஓரத்தைச் சுற்றி 120 செ.மீ. இழுத்துப் பாருங்கள், அது எட்டும் இடமெல்லாம் மண்டலத்துக்குள்தான்.

இந்த விதி ஐரோப்பியப் பழக்கத்தை மனதில் வைத்து எழுதியது. நம் பாத்ரூமில் இதில் வராத இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, கம்மோடு பக்கத்து ஹெல்த் ஃபாசெட். ஒரு மீட்டர் ஹோஸ், அதற்கு மேல் பீய்ச்சும் தண்ணீர் இன்னும் தூரம் போகும். குழந்தை கையில் கிடைத்தால் எதிர்ச்சுவர் முழுக்க நனையும். இரண்டு, பாத்ரூம் கழுவும்போது சுவரில் வீசி அடிக்கும் பக்கெட் தண்ணீர். அதனால் ‘உலர்ந்த பகுதி’ என்று நாம் சொல்லும் 7 அடியும் உண்மையில் உலர்ந்தது அல்ல. டி.வி. எங்கே இருந்தாலும் பாய்ச்சலைத் தாங்கும் 5 என்ற எண் இருக்கட்டும், கீழ் விளிம்பு தரையிலிருந்து 4 அடிக்குக் குறையாமல் இருக்கட்டும். பெட்ரூமோடு பொதுவாக உள்ள சுவரில், வாஷ்பேசின் பக்கமாக மாட்டுவது உங்களுக்குச் சரிவரும். ஷவருக்குள் நின்று பார்க்கலாம் என்று எண்ண வேண்டாம். வெந்நீர் திறந்த இரண்டு நிமிடத்தில் கண்ணாடித் தடுப்பு பனி பூத்துவிடும், காதால்தான் செய்தி கேட்க வேண்டும். நின்று பார்க்கும் தூரம் நாலைந்து அடிதான், 22 அல்லது 24 அங்குலமே போதும். சுவரில் ஏறும் எடையும் பாதியாகும்.

சப்ளைக்கு வருகிறேன். உடல் நனைந்து, வெறுங்காலோடு ஈரத் தரையில் நிற்கும்போது உடம்பின் எதிர்ப்பு ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230 வோல்ட்டை அதால் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர். இதயத் துடிப்பைக் குலைக்க அதில் ஒரு பங்கு போதும். அதே உடம்பின் குறுக்கே 12 வோல்ட் டி.சி. வந்தால் 12 மில்லி ஆம்பியர்தான், கையை இழுத்துக்கொள்ளலாம். குளியலறைக்காகச் செய்யும் டி.வி.களில் பல, தனி அடாப்டரோடு 12 வோல்ட்டில் ஓடுவதற்குக் காரணம் இதுதான். அப்படிப்பட்டதையே வாங்குங்கள். அடாப்டர் பெட்ரூமில் இருக்கட்டும். சுவரைத் தாண்டி உள்ளே வருவது 12 வோல்ட் மட்டும்.

டி.பி. பாக்ஸிலிருந்து (வீட்டின் எம்.சி.பி.கள் எல்லாம் இருக்கும் பெட்டி) தனி சர்க்யூட் எடுங்கள். 6 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.பி.ஓ. (எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் சேர்ந்த ஒரே கருவி) ஒன்று, அல்லது 6 ஆம்பியர் எம்.சி.பி.யோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கடையில் ‘ஏ டைப்’ என்று கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் ‘ஏ.சி. டைப்’ கொடுப்பார்கள். அது சுத்தமான ஏ.சி. கசிவை மட்டும் உணரும், அடாப்டர் மாதிரி எலக்ட்ரானிக் சாதனங்களில் வரும் துண்டு துண்டான டி.சி. கசிவில் ஏமாந்துபோகும். மூன்று 1.5 சதுர மி.மீ. வயர், பேஸ், நியூட்ரல், எர்த், பெட்ரூம் பக்கச் சுவரில் டி.வி.க்கு நேர் பின்னாலோ வார்ட்ரோபின் மேல் தட்டிலோ ஒரு சுவிட்ச் சாக்கெட்டில் முடியட்டும். அடாப்டரைத் துணிக்கு அடியில் புதைக்காதீர்கள், காற்று படட்டும்.

ஆர்.சி.சி.பி. பற்றி ஒரு தவறான நம்பிக்கை ஊரெங்கும் இருக்கிறது. அது ஷாக் அடிக்காமல் காப்பதில்லை, அடித்தது நீடிக்காமல் காக்கிறது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் 300 மில்லி செகண்டுக்குள், 150 கசிந்தால் 40 மில்லி செகண்டுக்குள் துண்டிக்கும். ஒரு கையில் பேஸும் மறு கையில் நியூட்ரலும் பிடித்தால் அதற்குத் தெரியவே தெரியாது. எர்த் சரியில்லாத வீட்டில் யாராவது தொட்ட பிறகுதான் அது விழித்துக்கொள்ளும். அதனால் ஆர்.சி.சி.பி. இருக்கிறதே என்று 230 வோல்ட்டை உள்ளே கொண்டுவருவது சரியான கணக்கு அல்ல.

அடாப்டரிலிருந்து டி.வி.க்குப் போகும் வயரில்தான் அதிகம் கோட்டைவிடுகிறார்கள். 12 வோல்ட்தானே என்று மெல்லிய ஸ்பீக்கர் வயரைப் போட்டுவிடுவார்கள். 24 அங்குல டி.வி. 3 ஆம்பியர் எடுக்கிறது, வயர் நீளம் 5 மீட்டர் என்று வையுங்கள். 0.5 சதுர மி.மீ. வயரில் போகவும் வரவும் சேர்த்து 1.2 வோல்ட் காணாமல் போகும், டி.வி.க்குச் சேருவது 10.8. வெளிச்சத்தையும் சத்தத்தையும் கூட்டியதும் டி.வி. அணைந்து, கம்பெனி லோகோ வந்து, மறுபடி அணையும். டி.வி.தான் மட்டம் என்று திருப்பி அனுப்புவார்கள். அதே தூரத்துக்கு 1.5 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.4 வோல்ட். 10 மீட்டர் ஆனால் 2.5 போடுங்கள். அடாப்டர் டி.வி. கேட்பதைவிட ஒன்றரை மடங்கு ஆம்பியர் கொடுக்கக்கூடியதாக இருக்கட்டும்.

அடாப்டர் பழுதானால் டி.வி. கம்பெனியின் அடாப்டரையே வாங்கவும். ஸ்ட்ரிப் லைட்டுக்கும் சி.சி.டி.வி.க்கும் போடுகிற, துளைகள் உள்ள தகரப் பெட்டி பவர் சப்ளையை (எஸ்.எம்.பி.எஸ்.) மாட்டிவிட்டுப் போகும் வழக்கம் உண்டு. அவற்றில் மலிவானவற்றைத் திறந்து பார்த்தால் 230 வோல்ட் பக்கத்துக்கும் 12 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே போர்டில் இரண்டு மூன்று மி.மீ. இடைவெளிகூட இருக்காது. தூசியும் ஈரமும் சேர்ந்து அந்த இடைவெளியைக் கடந்துவிட்டால், உங்கள் ‘12 வோல்ட்’ டி.வி.யின் உடம்பில் 230 வந்து நிற்கும். நல்ல அடாப்டரின் லேபிளில் சதுரத்துக்குள் ஒரு சதுரம் போட்ட குறியும் பி.ஐ.எஸ். பதிவு எண்ணும் இருக்கும்.

சுவருக்குள் போக இரண்டு 25 மி.மீ. பி.வி.சி. பைப் புதையுங்கள். ஒன்றில் 12 வோல்ட் வயர், மற்றதில் நெட்வொர்க் கேபிள். 230 வோல்ட் வயர் எதையும் இந்தப் பைப்புகளில் விடக்கூடாது. பைப் பாத்ரூம் பக்கம் லேசாகத் தாழ்ந்திருக்கட்டும், உள்ளே துளி சேர்ந்தாலும் அடாப்டர் பக்கம் வராது. வயர் இழுத்தபின் இரண்டு வாயையும் அடைக்க வேண்டும். இதை யாரும் செய்வதில்லை, ஆனால் ஏ.சி. பெட்ரூம் வைத்தவர்களுக்கு இது கட்டாயம். குளியல் முடிந்த சூடான ஈரக் காற்று பைப் வழியே ஏ.சி. பக்கத்துக்குப் போய், குளிர்ந்த சுவிட்ச் பாக்ஸுக்குள் தண்ணீராகும். அடைக்க சிலிக்கான் வாங்கும்போது ‘நியூட்ரல்’ வகையைக் கேளுங்கள். வினிகர் வாடை அடிக்கும் சாதாரண சிலிக்கான் இறுகும்போது அசிட்டிக் அமிலம் விடும், செம்பு வயரையும் கனெக்டரையும் பச்சை பிடிக்க வைக்கும்.

டி.வி.யைச் சுவருக்குள் பதிக்கும் எண்ணம் இருந்தால் சுவரின் கனத்தைப் பாருங்கள். நாலரை அங்குலச் சுவர் 115 மி.மீ. அதில் 75 மி.மீ. பள்ளம் தோண்டினால் மிஞ்சும் 40 மி.மீ. பூச்சோடு சேர்ந்தும் உறுதியில்லாத தோல்தான், பெட்ரூம் பக்கம் விரிசல் விடும். ஒன்பது அங்குலச் சுவரில் தாராளமாகச் செய்யலாம். தூண், பீம் எதையும் எந்தக் காரணத்துக்கும் கொத்தக் கூடாது. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் தண்ணீர்ப் பைப்புகள் போகும் இடத்தை அளவு டேப் வைத்து போட்டோ எடுத்து வையுங்கள். பிராக்கெட்டுக்குத் துளை போடும்போது கீசர் லைனில் டிரில் இறங்குவது அடிக்கடி நடக்கிற விபத்து. துளைக்குள் சிலிக்கான் நிரப்பிய பிறகே ஸ்குரூவுக்கான பிளாஸ்டிக் பிளக்கைத் தட்டுங்கள். டி.வி.க்குள் நுழையும் வயர் ஒருமுறை கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும், சொட்டு அந்த வளைவிலேயே விழுந்துவிடும்.

கேபிள் கனெக்‌ஷன்: உள்ளே இழுக்காதீர்கள். நம் தெருக்களில் கேபிள் வயர் ஈ.பி. கம்பத்தையும் சர்வீஸ் வயரையும் ஒட்டியே போகிறது. வழியில் ஆம்ப்ளிஃபையருக்காக அதே கேபிளில் ஏ.சி. சப்ளை அனுப்புவதும் உண்டு. எங்கோ உரசிய மின்சாரம் அந்தக் கேபிளின் வெளிப்பின்னல் வழியே நேராக உங்கள் பாத்ரூம் டி.வி.யின் உலோகப் பின்பக்கத்துக்கு வரும். 12 வோல்ட்டுக்காக நீங்கள் பட்ட பாடெல்லாம் வீண். உங்கள் ஆர்.சி.சி.பி.யும் அதைப் பார்க்காது, ஏனென்றால் அந்த மின்சாரம் உங்கள் டி.பி. வழியே வரவில்லை. ஹாலில் உள்ள செட்டாப் பாக்ஸிலிருந்து எச்.டி.எம்.ஐ. இழுத்தாலும் இதே கதைதான், அதன் உறை அந்தக் கேபிளோடு ஒட்டியிருக்கிறது. வைஃபையில் ஓடுகிற டி.வி.யே நல்லது. டைல்ஸ் ஒட்டிய சுவரைத் தாண்டி சிக்னல் வலுவிழந்தால் அதற்குத்தான் அந்த இரண்டாவது பைப்பில் கேட்6 கேபிள். அதன் ஜாக்கில் சிக்னலைத் தனிப்படுத்தும் சிறு டிரான்ஸ்பார்மர் உள்ளேயே இருக்கிறது. உலோக உறை இல்லாத யு.டி.பி. வகையாக வாங்குங்கள்.

இன்வெர்ட்டர் லைனில் கொடுக்கலாம், ஒரு நிபந்தனையோடு. ஆர்.சி.சி.பி. இன்வெர்ட்டருக்குப் பின்னால், டி.வி. சர்க்யூட்டில் இருக்க வேண்டும். மெயினில் மட்டும் இருந்தால், கரண்ட் போய் பேட்டரியில் ஓடும்போது அந்த மின்சாரம் அதன் வழியே போவதே இல்லை. இன்னொன்று, இந்த சர்க்யூட்டின் நியூட்ரல் வேறு எந்த லைட், ஃபேன் நியூட்ரலோடும் கலக்கக்கூடாது. கலந்தால் ஆர்.சி.சி.பி. போட்டதும் விழும். அப்போது நியூட்ரலைத் தேடிப் பிரிக்காமல், ஆர்.சி.சி.பி.யையே பைபாஸ் செய்துவிட்டு “சரியாயிடுச்சு சார்” என்பவரை அனுப்பிவிட்டு லைசென்ஸ் உள்ள வேறு வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

32 அங்குலம்தான் வேண்டும், சாதாரண டி.வி.யே போதும் என்றால் எனக்கு மிகப் பிடித்த வழி ஒன்று உண்டு. டி.வி. பாத்ரூமுக்கு வரவே வேண்டாம். பொதுச் சுவரில் சுமார் 75 × 45 செ.மீ. திறப்பு விட்டு, மேலே சிறு கான்கிரீட் லின்டல் கொடுத்து, பாத்ரூம் பக்கம் டஃபன்டு கண்ணாடியைத் திறக்க முடியாதபடி பதியுங்கள். டி.வி. பெட்ரூம் பக்கம், கண்ணாடிக்கு இரண்டு மூன்று அங்குலம் பின்னால், பெட்ரூமைப் பார்த்துத் திறந்த ஒரு மரப்பெட்டியில் நிற்கும். பெட்டியின் உள்பக்கத்துக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து, டி.வி.யின் ஓர இடைவெளியைக் கறுப்புப் பலகையால் மறையுங்கள், இல்லாவிட்டால் பெட்ரூமிலிருந்து பாத்ரூம் தெரியும். ஒற்றைக் கண்ணாடி ஏ.சி.யில் குளிர்ந்து, வெந்நீர் திறந்ததும் பாத்ரூம் பக்கம் பனி பூக்கும். 6-12-6 (மி.மீ. கணக்கில் கண்ணாடி, நடுவே இடைவெளி, கண்ணாடி) என்று சொல்லும் இரட்டைக் கண்ணாடி போட்டால் அது வெகுவாகக் குறையும். வண்ணமில்லாத கண்ணாடியை ரிமோட் கதிர் தாண்டும். சத்தத்துக்குப் பேட்டரியில் ஓடும் புளூடூத் ஸ்பீக்கர் ஒன்று, சார்ஜ் போடுவது பெட்ரூமில். டைல்ஸ் ஒட்டாத இந்தக் கட்டத்தில் இதற்கு ஆகும் கூடுதல் வேலை கொத்தனாருக்கு ஒரு நாள்.

எந்த வழியானாலும் எக்ஸாஸ்ட் ஃபேன் குளித்து முடித்த பிறகும் கால் மணி நேரம் ஓடட்டும். டி.வி.யைக் குளியல் முடிந்த உடனே அணைக்காமல் அந்தக் கால் மணி நேரமும் ஓட விட்டால் உள்சூடு ஈரத்தை அண்ட விடாது.

வேலை முடிந்ததும் வயர்மேன் கிளம்புவதற்கு முன், அடாப்டரையும் டி.வி.யையும் கழற்றிவிட்டு 500 வோல்ட் மெக்கரில் (வயரின் காப்பு உறை எவ்வளவு நன்றாக மின்சாரத்தைத் தடுக்கிறது என்று அளக்கும் கருவி) வயரிங்கைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் ஏற்க வேண்டாம், புது வயரிங்கில் அதைவிடப் பல மடங்கு காட்ட வேண்டும். பிறகு எல்லாம் மாட்டி, ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை உங்கள் கையாலேயே அழுத்திப் பாருங்கள். மாதம் ஒருமுறை அதை அழுத்த வேண்டும். ஒருமுறையும் அசைக்காத ஆர்.சி.சி.பி. உள்ளே இறுகிப்போய், தேவைப்படும் நாளில் விழாமல் போகலாம்.

கடைசியாக ஆசிட். டைல்ஸ் கறைக்கு ஊற்றும் ஆசிட்டின் புகை மூடிய பாத்ரூமில் மேலெழுந்து, கனெக்டரின் செம்பைத் தின்னும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிராக்கெட்டையும் துரு பிடிக்க வைக்கும். ஸ்குரூவை துரு எளிதில் பிடிக்காத 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்குங்கள், பாத்ரூம் கழுவுபவரிடம் ஆசிட்டுக்குப் பதில் சோப்பு எண்ணெயும் பிரஷ்ஷும் கொடுங்கள். கழுவும் நேரத்தில் பெட்ரூம் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும் என்பதையும் அவரிடம் சொல்லி வையுங்கள்.